கள்ளுக்கடையை மூடியவர் போட்ட எட்டணா வரி: ராஜாஜியை நிதியமைச்சராக யாராவது பார்த்திருக்கிறோமா?

தென்பெண்ணை (ஓசூர்) எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விசேஷத்துக்காகத் தொரப்பள்ளிக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அக்ரஹாரத்தில் ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்க்கப் போனோம். அரசு அதை நினைவில்லமாக வைத்திருக்கிறது. கூட வந்த அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். "இவர் என்ன செய்தார் மாமா?" என்று கேட்டான். கடைசி கவர்னர் ஜெனரல், இரண்டு முறை முதலமைச்சர், வேதாரண்யம் உப்பு யாத்திரை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது. நான் முப்பது வருஷமாகச் சாப்பிடுகிற சோற்றுக்கும் இவருக்கும் உள்ள தொடர்பை அவனுக்குச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

நான் வரிக்கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். விற்பனை வரி, வாட், ஜிஎஸ்டி மூன்று காலத்தையும் ஓசூர்க் கடைத்தெருவில் இருந்து பார்த்தவன். இந்தியாவில் எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விற்பனை வரி என்று முதன்முதலில் போட்டது 1939ல் சென்னை மாகாணம். போட்டவர் ராஜாஜி. அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்பார்கள். அந்தப் பதவியோடு நிதி இலாகாவையும் அவரே வைத்திருந்தார்.

ஏன் போட்டார் என்பதுதான் நம்ம ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. அப்போது சேலம் மாவட்டம் என்றால் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, அரூர் எல்லாம் அதற்குள் அடக்கம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல், கிருஷ்ணகிரி 2004ல். ஆக, அவர் கடையை மூடிய முதல் மாவட்டம் நம்முடையது. கள், சாராயத்தில் வரும் கலால் வருமானம் அன்றைக்கு மாகாண வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதை விட்டுக்கொடுத்தால் கஜானாவில் விழும் ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடைதான் விற்பனை வரி.

அவருடைய அப்பா தொரப்பள்ளிக்கு முன்சீப். ஊர் கிஸ்தியை (நிலவரியை) வசூலித்துக் கஜானாவில் கட்டுகிற மணியக்காரர் உத்தியோகம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்கத்துப் பணம் எந்தத் திண்ணையிலிருந்து, யார் மடியை அவிழ்த்து வருகிறது என்பது சின்ன வயதிலேயே கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 1900ல் சேலத்தில் வக்கீல் தொழில், 1917ல் சேலம் நகராட்சித் தலைவர், 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம். ஆசிரமத்தில் இருந்தபடி மதுவிலக்குப் பிரசாரத்துக்கு என்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராகப் பேசிவிட்டு, அதிகாரம் கைக்கு வந்த மூன்றாம் மாதம் செய்து காட்டினார்.

அரசியல்வாதியாக அவரைத் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் நிறையப் பேர். நிதியைப் பார்த்தவராக அவரைப் பற்றிப் பேசலாமா?

---

புளிமண்டி (தர்மபுரி) எழுதியது:

நல்ல இழை அண்ணா. எங்க தாத்தா காலத்திலிருந்து புளி வியாபாரம். அந்த வரி வந்தபோது மண்டிக்காரங்க கொதிச்சுப் போனாங்கன்னு எங்க அப்பா சொல்லக் கேட்டிருக்கேன். அதுவரைக்கும் கணக்குன்னா நமக்கும் நம்ம கூட்டாளிக்கும் மட்டும்தான். சர்க்கார் ஆள் வந்து பேரேட்டைத் திறன்னு சொன்னதே இல்லையாம். வரி எவ்வளவு இருந்துச்சு அண்ணா?

---

தென்பெண்ணை (ஓசூர்) எழுதியது:

தம்பி, சட்டத்தில் எழுதியது அரை சதவீதம். நூறு ரூபாய் விற்றால் எட்டணா. வருஷ விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை, 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரியே கிடையாது. 10,000க்கு மேல் 20,000 வரைக்கும் மாதம் 5 ரூபாய் மொத்தமாகக் கட்டினால் போதும். அதற்கு மேல் போனால்தான் அந்த அரை சதவீதம்.

முக்கியமான இன்னொன்று. தன் நிலத்தில் விளைந்ததைத் தானே விற்கிற விவசாயியின் வரவு விற்றுமுதலில் சேராது. அதாவது புளியை உலுக்கிக் கொண்டுவந்து போடுகிற பென்னாகரத்துக்காரர் மேல் வரி இல்லை. அதை வாங்கி விற்கிற உங்கள் தாத்தா மேல் வரி. யாரை விட வேண்டும், யாரைப் பிடிக்க வேண்டும் என்று யோசித்து எழுதிய சட்டம் அது. இன்றைக்கும் ஒரு வரிச் சட்டம் கைக்கு வந்தால், முதலில் விலக்குப் பட்டியலைத்தான் படிப்பேன். போட்டவர் மனசு அதில்தான் தெரியும்.

---

நாளைய வக்கீல் (கிருஷ்ணகிரி) எழுதியது:

வணக்கம் சார். சட்டம் படிக்கிறேன். ஒரு திருத்தம் சொல்லலாமா? நீங்கள் எழுதியதைப் படித்தால் அவர் முதலில் மாற்று வருமானத்தைத் தயார் செய்துகொண்டு பிறகு கடையை மூடியதுபோல் ஒரு எண்ணம் வருகிறது. வருஷங்கள் அப்படி இல்லையே. சேலத்தில் மதுவிலக்கு 1937. சித்தூர், கடப்பா 1938. வட ஆற்காடு 1939. பொது விற்பனை வரிச் சட்டம் 1939ல்தான் வருகிறது. கடை முதலில், வரி பிறகு. இரண்டு வருஷம் அவர் பள்ளத்தோடுதான் ஓட்டியிருக்கிறார்.

அவருக்கு அந்த வரியைப் போட வழி திறந்ததே 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம்தான். பொருள் விற்பனை மீதான வரி மாகாணங்களுக்கு என்று அதில் எழுதியிருந்தது. மத்திய மாகாணம் 1938ல் பெட்ரோலுக்கு மட்டும் போட்டது, அது ஃபெடரல் கோர்ட் (இன்றைய சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்னோடி) வரைக்கும் போய் நின்றது. சென்னைச் சட்டமும் 1942ல் அதே கோர்ட்டுக்குப் போனது. தயாரிப்பாளர் செய்யும் முதல் விற்பனைக்கு வரி போட்டால் அது மத்திய அரசுக்குரிய கலால் வரி, அதாவது தயாரிப்பு வரி, ஆகிவிடாதா என்பது கேள்வி. ஆகாது, தயாரித்ததற்குப் போடுவது வேறு, விற்றதற்குப் போடுவது வேறு என்று தீர்ப்பு வந்தது. போட்டு பைதண்ணா வழக்கு என்று எங்களுக்குப் பாடமாகவே இருக்கிறது. அந்த வழக்கில் சென்னை தோற்றிருந்தால் சுதந்திர இந்தியாவில் மாநிலங்களின் கஜானா வேறு மாதிரி இருந்திருக்கும்.

---

தென்பெண்ணை (ஓசூர்) எழுதியது:

திருத்தம் சரிதான் தம்பி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன வருஷ வரிசையே எனக்கு இன்னொன்றைக் காட்டுகிறது. அவர் மாகாணம் முழுவதையும் ஒரே நாளில் மூடவில்லை. வருஷத்துக்கு ஒரு அடி. ஒரு மாவட்டத்தின் கலால் போனால் கஜானா தாங்கும். அதற்குள் அதிகாரிகளுக்குப் பழக்கம் வரும். அடுத்த பட்ஜெட்டுக்குள் புது வரிக்கான வேலையை முடித்துக்கொள்ளலாம். 1939ல் விற்பனை வரி மட்டும் வரவில்லை. பெட்ரோல் விற்பனைக்குத் தனி வரிச் சட்டம், சினிமா, நாடகத்துக்குக் கேளிக்கை வரிச் சட்டம், எல்லாம் அதே வருஷம். அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் யுத்தப் பிரச்சினையில் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன, இவரும் போய்விட்டார். மதுவிலக்கை யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி நிறுத்தி வைத்தது. விற்பனை வரியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

---

அரூர் வாத்தியார் எழுதியது:

இழையை ஆரம்பித்தவருக்கு வணக்கம். வரி பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் ராஜாஜியின் நிதிப் புத்தியைப் பேசுவதாக இருந்தால் பாதியோடு நிறுத்தக் கூடாது. 1953ல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நாங்கள் குலக்கல்வித் திட்டம் என்றுதான் சொல்வோம். பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம், மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பார். அதுவும் ஒரு பட்ஜெட் முடிவுதான். எல்லாப் பிள்ளைக்கும் பள்ளி கொடுக்கப் பணம் இல்லை, கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை. அதனால் இருக்கிற பள்ளியை இரண்டு வேளையாகப் பிரி என்கிற கணக்கு. காகிதத்தில் அது சரியாக வரும். செருப்புத் தைப்பவர் மகனும் சலவைத் தொழிலாளி மகனும் அந்தக் கணக்கில் என்ன ஆவார்கள் என்று அவர் பார்க்கவில்லை.

என் அப்பா வன்னியர் வீட்டில் முதல் பட்டதாரி. 1953ல் அவருக்கு ஏழு வயது. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் அவர் ஏரோட்டிக்கொண்டு இருந்திருப்பார், நான் இதை எழுதிக்கொண்டு இருக்க மாட்டேன். எனக்கு இது ஏட்டு விவகாரம் அல்ல.

அதைவிட முக்கியமானது இது. 1952ல் ராஜாஜி மந்திரிசபையில் நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம். சட்டமன்றத்தில் அந்தத் திட்டத்துக்காக வாதாடியவரும் அவர்தான். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், ஒரே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. நிதியமைச்சர் யார்? அதே சி.எஸ். தான், 1962 வரைக்கும். அதே கஜானா, அதே நிதியமைச்சர். மேலே இருந்தவர் மாறியதும் பள்ளி திறக்கப் பணம் வந்தது, 1956ல் மதிய உணவுக்கும் பணம் வந்தது. பணம் இல்லை என்பது முழு உண்மை அல்ல. எதற்கு இல்லை என்பதுதான் விஷயம்.

---

தென்பெண்ணை (ஓசூர்) எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். மறுக்க ஒரு வார்த்தையும் இல்லை. குடிக்கிறவன் வீட்டு அடுப்பைப் பற்றி 1937ல் அவ்வளவு யோசித்தவர், படிக்கிற பிள்ளையைப் பற்றி 1953ல் அப்படி யோசிக்கவில்லை. அது அவருடைய பெரிய தவறு. 1938ல் இந்தியைக் கட்டாயமாக்கியதும் தவறு. நடராசனும் தாளமுத்துவும் சிறையில் செத்தது அந்த ஆட்சியில்தான். இந்த இழையில் நான் கேட்பது அவரை முழுசாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி அல்ல. சி.எஸ். பற்றிய உங்கள் கருத்து எனக்குப் புதிது; அதை மனசில் போட்டுக்கொள்கிறேன்.

---

சோதனைச்சாவடி ராமன் எழுதியது:

சி.எஸ். பேச்சு வந்ததால் ஒன்று. 1971ல் அவர் மக்களவைக்குப் போனது நம்ம கிருஷ்ணகிரித் தொகுதியிலிருந்து. 1974ல் மத்திய நிதியமைச்சர் ஆனதும் அந்தப் பதவிக்காலத்தில்தான். ராஜாஜி மகன் சி.ஆர். நரசிம்மன் 1952, 57 இரண்டு தேர்தலிலும் இதே தொகுதி எம்.பி. கல்லும் மாமரமும் உள்ள வறண்ட தொகுதி என்று சொல்வார்கள். நிதி இலாகாவைப் பார்த்த ராஜாஜி, சி.எஸ். இரண்டு பேருக்கும் இந்த மண்ணோடு தொடர்பு இருக்கிறது.

நான் வணிகவரித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பாதி எல்லைச் சோதனைச் சாவடியில். ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வரிசை ஜூஜூவாடியிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் நிற்கும். டிரைவர் தூக்கக் கலக்கத்தோடு பில்லை நீட்டுவார். சரக்கு, எடை, போகிற ஊர், பதிவெண் எல்லாம் பதிந்து சீல் வைக்க வேண்டும். இந்த வேலையின் ஆதி எங்கே என்று யாரும் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லவில்லை. 1959ஆம் வருஷச் சட்டத்திலிருந்துதான் பாடம் தொடங்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து சாவடியை எடுத்தபோது நான் ரிடையர் ஆகி மூன்று வருஷம். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். தடுப்புக் கம்பம் இல்லாமல் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன. டிரைவர்களுக்கு நல்லதுதான். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

---

பாலக்கோடு தங்கம் எழுதியது:

எல்லாரும் வருஷம் தேதியெல்லாம் சொல்றீங்க. நான் வீட்டுக் கணக்கு சொல்றேங்க.

எங்க அப்பா தக்காளி மண்டியில லோடு ஏத்துற வேலை. சீசன்ல ஒரு நாளைக்கு அறுநூறு ரூபா கிடைக்கும். வீட்டுக்கு வந்தா அம்மா கையில முந்நூறு இருக்கும். சில நாள் இருநூறு. மிச்சம் எங்க போச்சுன்னு கேக்க மாட்டாங்க. கேட்டா என்ன நடக்கும்னு தெரியும். அம்மா பூப்பறிக்கப் போய் எங்க மூணு பேரையும் படிக்க வெச்சாங்க. அப்பா ஐம்பத்தி ரெண்டு வயசுல கல்லீரல் போய் இறந்துட்டார்.

2017ல ஹைவேஸ் ஓரத்துல ஐந்நூறு மீட்டருக்குள்ள கடை இருக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் உத்தரவு அமலுக்கு வந்துச்சே. மெயின் ரோட்டுல இருந்த கடையை எடுத்தாங்க. நாங்க சந்தோஷப்பட்டோம். ரெண்டு மாசத்துல அது ஊருக்குள்ள வந்துருச்சு, நாங்க தண்ணி எடுக்கப் போற வழியில. பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து ரோட்டுல உக்காந்தோம். அதுல எங்க அம்மாவும் ஒருத்தர். அப்புறம்தான் எடுத்தாங்க. அப்படி எடுத்த பிறகும் அந்தப் பக்கத்துக் கர்நாடகாப் பாக்கெட்டு பைக்குல வந்துச்சு. பெட்டிக்கடையில சொல்லி வெச்சா கிடைக்கும்.

ராஜாஜி கடையை மூடினப்போ எங்க ஊர்ப் பொம்பளைங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு நினைச்சுப் பாத்தேன். யாராவது அதை எழுதி வெச்சிருக்காங்களா சார்?

---

தென்பெண்ணை (ஓசூர்) எழுதியது:

அம்மா தங்கம், உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை, பேராசிரியர் பி.ஜே. தாமஸ் இருந்த காலத்தில், மதுவிலக்கு வந்த பிறகு சேலம் மாவட்டக் குடும்பங்களின் வரவு செலவை நேரில் போய் விசாரித்து அறிக்கை போட்டது. கள்ளுக்குப் போன காசு துணிக்கும் சாப்பாட்டுக்கும் கடன் அடைக்கவும் திரும்பியதா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒரு அரசாங்கம் வருமானத்தை விட்டுக்கொடுத்தால் அது யார் வீட்டில் போய்ச் சேர்ந்தது என்று எண்ணிப் பார்த்த வேலை அது. இப்போது எந்தத் திட்டத்துக்கு அப்படி வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள்?

கடையை மூடியதோடு விடவும் இல்லை. பொழுது சாய்ந்தால் ஆட்கள் எங்கே போவார்கள் என்று யோசித்து, பஜனை, விளையாட்டு, டீக்கடை என்று சாயங்கால வேளைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். அதே சமயத்தில் இன்னொரு சட்டமும் வந்தது. அதையும் மதுவிலக்கோடு சேர்த்துப் படித்தால்தான் படம் முழுசாகும். 1938ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம்.

1929க்குப் பிறகு உலகம் முழுக்க விலை சரிந்தது. நெல், கேழ்வரகு, கடலை எதற்கும் விலை இல்லை. ஆனால் பத்திரத்தில் எழுதிய கடன் அப்படியே நின்றது, வட்டி குட்டி போட்டது. இந்தச் சட்டம் என்ன சொன்னது என்றால், 1932 அக்டோபருக்கு முன்னால் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையாக இருந்த வட்டி முழுவதும் ரத்து. அசலும் வட்டியுமாக ஏற்கெனவே அசலைப் போல் இரு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. தேதியைக் கவனியுங்கள். கடை மூடிய அதே 1937 அக்டோபர் 1. குடியானவன் மடியிலிருந்து காசு போகிற இரண்டு வழி கள்ளுக்கடையும் லேவாதேவிக்காரர் வீடும். இரண்டையும் சேர்த்து அடைக்கப் பார்த்தார் என்றுதான் நான் படிக்கிறேன்.

---

புளிமண்டி (தர்மபுரி) எழுதியது:

கடன் சட்டத்துல எங்க குடும்பத்துக்கு நஷ்டம் அண்ணா. தாத்தாவோட அண்ணன் வட்டிக்கு விட்டவர். பத்திரத்தையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில கட்டி வெச்சுட்டு, "சர்க்கார் சாப்பிட்டுருச்சு"ன்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாராம். இப்ப யோசிச்சா, அந்தப் பெட்டியில இருந்த கைநாட்டெல்லாம் இன்னிக்கு நம்மகிட்ட புளி போடுறவங்க தாத்தாக்களோடது.

தாத்தாவோட பழைய குறிப்பேடுகள் பரண் மேல இருக்கு. ஞாயித்துக்கிழமை இறக்கிப் பாக்கறேன்.

---

தொப்பூர் கணவாய் எழுதியது:

இவ்வளவு பேசிய பிறகு இன்றைய கணக்கையும் பேசுங்கள். டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 2022-23ல் ஏறக்குறைய 44,100 கோடி, 2023-24ல் 45,855 கோடி. ராஜாஜி செய்தார் என்று சொல்லிக் காட்டுவது சுலபம். இந்தப் பணத்தை இன்றைக்கு யார் விட்டுக்கொடுப்பார்கள்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை மறந்துவிட்டுப் பேச வேண்டாம். கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கம் நாம்தான் இருக்கிறோம். கடையை மூடினால் ஊறல் பானை திறக்கும்.

---

தென்பெண்ணை (ஓசூர்) எழுதியது:

நியாயமான கேள்வி. இதற்காகத்தான் இழையையே ஆரம்பித்தேன் என்று சொல்லலாம்.

கதையைக் கோர்வையாகப் பாருங்கள். 1948ல் ஓமந்தூரார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் வந்தது. 1971ல் கலைஞர் ஆட்சி அதைத் தளர்த்தியது. அதற்கு முன்னால் தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி மழையில் கோபாலபுரம் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்பார்கள். பிறகு 1974ல் மூடினார்கள், 1981ல் எம்ஜிஆர் திறந்தார், 1983ல் டாஸ்மாக் மொத்த வியாபாரத்துக்கு வந்தது, 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. கட்சி பேதம் பார்க்க இதில் ஒன்றும் இல்லை.

இந்தக் காலம் முழுவதும் விற்பனை வரி என்ன ஆனது? அது மாநிலத்தின் முதுகெலும்பாகவே வளர்ந்துவிட்டது. மது வருமானத்துக்கு மாற்றாக வந்த வரி நின்றது. மது வருமானமும் திரும்பி வந்தது. இரண்டு கையிலும் வாங்கப் பழகிவிட்டோம். அதில்தான் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ், ரேஷன் எல்லாம் நடந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

இப்போது 2017க்கு வாருங்கள். ஜிஎஸ்டி வந்து விற்பனை வரியை விழுங்கிவிட்டது. மனிதர் குடிக்கும் மதுவை மட்டும் அரசியல் சட்டத்திலேயே ஜிஎஸ்டிக்கு வெளியே வைத்துவிட்டார்கள். பெட்ரோல், டீசலும் இன்னும் உள்ளே போகவில்லை. ஒரு மாநில நிதியமைச்சர் தானே விகிதத்தைத் தீர்மானிக்கக் கூடிய பெரிய வரிகள் என்றால் இவையும் முத்திரைத்தாள் கட்டணமும் வாகன வரியும்தான் மிச்சம். ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் ஓட்டு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தனியாக எட்டணா வரி போட இப்போது வழியே இல்லை. மாநிலங்களுக்கு ஐந்து வருஷம் கொடுத்த இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்தது.

நம்ம கடைத்தெருவில் இருந்தே சொல்கிறேன். காய்ந்த புளிக்கு 5 சதவீதம் போட்டிருந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்டிகளில் எத்தனை கூட்டம், எத்தனை மனு! 2019 அக்டோபரில்தான் அதை எடுத்தார்கள், அதுவும் கோவாவில் கூடிய கவுன்சில் முடிவு செய்த பிறகு. மாம்பழக் கூழுக்கு 12 சதவீதம் என்று 2022ல் விளக்கம் வந்தது; அதையும் இங்கே இருந்து யாரும் எழுதவில்லை. புளிக்கு வரி வேண்டுமா என்பதையே சென்னை தனியாக முடிவு செய்ய முடியாத காலத்தில், 45,000 கோடிக்கு மாற்று எங்கே என்று ஒரு நிதியமைச்சரைக் கேட்டால் அவர் எந்தப் பக்கம் திரும்புவார்?

2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதி நிலைமை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று அதில் வந்த எண் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த எண்ணுக்குக் கட்சிக்காரர்கள் சண்டை போட்டார்கள். மாநிலத்தின் கையில் எந்த வரி மிச்சம் இருக்கிறது என்று நாம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். மதுவிலக்கு வேண்டும் என்று நான் மனசாரச் சொல்கிறேன். தங்கம் எழுதியதைப் படித்த பிறகு இன்னும் உரத்துச் சொல்கிறேன். ஆனால் அதைக் கேட்கிறவர்கள் அதே மூச்சில், மாநிலத்துக்கு வரி போடும் உரிமையைக் கொஞ்சமாவது திருப்பிக் கொடு என்றும் கேட்க வேண்டும். 1937ல் கடையை மூட முடிந்ததற்கு ஒரு மனிதரின் பிடிவாதம் பாதிக் காரணம். மறுபாதி, சட்டத்தில் அவருக்குத் திறந்திருந்த ஒரு கதவு.

---

நாளைய வக்கீல் (கிருஷ்ணகிரி) எழுதியது:

சார், அப்படியானால் அவர் செய்த மாதிரி ஒரு மாவட்டத்தில் மட்டும் தொடங்க முடியாதா? ஒரு மாவட்டத்தின் வருவாய் என்றால் தாங்கக் கூடியதுதானே. 1937ல் எது முதல் மாவட்டமோ அதிலிருந்தே.

---

சோதனைச்சாவடி ராமன் எழுதியது:

தம்பி, நான் எல்லையில் பாதி வாழ்க்கை நின்றவன். ஓசூரிலிருந்து கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளி எவ்வளவு தூரம்? ஒரு டீ குடிக்கிற நேரம். ஒரு மாவட்டத்தை மட்டும் மூடினால் நாலு பக்கமும் எல்லை ஆகிவிடும். 1937லும் மைசூர் சமஸ்தானத்தில் கடை திறந்துதான் இருந்தது, ஓசூர்க்காரர்களுக்கு அது தெரியாததா? ஆனால் அப்போது பைக் இல்லை, நாலு வழிச் சாலை இல்லை. இன்றைக்குச் செய்வதானால் எல்லை மாவட்டத்தை விட்டு, நடுவில் ஒரு மாவட்டத்தை எடுப்பதுதான் சரி.

---

பாலக்கோடு தங்கம் எழுதியது:

நடுவுல எடுத்தா நாங்க கடைசியில வருவோம். அதுக்குள்ள எத்தனை வீடு போகுமோ. முழுசா மூட முடியலைன்னாலும் மத்தியானம் பன்னெண்டு மணிக்குத் திறக்கிறதையாவது இன்னும் தள்ளிப் போடுங்க, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கறதை எடுங்கன்னு கேக்கறோம். 2023ல ஐந்நூறு கடை மூடினாங்களே, அதுக்கு எந்த வரியும் போடலையே சார். அதே மாதிரி வருஷத்துக்கு ஐந்நூறு மூடலாமே.

---

தென்பெண்ணை (ஓசூர்) எழுதியது:

தங்கம் சொல்வது ராஜாஜி போட்ட கணக்குதான், மாவட்டத்துக்குப் பதில் கடை எண்ணிக்கையில். வருஷத்துக்கு ஒரு அடி. நான் இவ்வளவு நீட்டி எழுதியும் எனக்கு இது தோன்றவில்லை.

---

அரூர் வாத்தியார் எழுதியது:

மூடுகிற கடைக்குப் பக்கத்துப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இடையில் நின்றார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கணக்கெடுக்க ஆசிரியர்கள் நாங்கள் தயார். 1938ல் பல்கலைக்கழகம் வீடு வீடாகப் போனது என்றால் எங்களாலும் முடியும். வரும் கல்வியாண்டில் எங்கள் ஒன்றியத்தில் பேசிப் பார்க்கிறேன்.

---

புளிமண்டி (தர்மபுரி) எழுதியது:

பரண்ல இருந்து இறக்கிட்டேன் அண்ணா. கரையான் அரிச்சது போக மூணு குறிப்பேடு தேறுச்சு. தாத்தா கையெழுத்து பொடி எழுத்து, படிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு.

ஈசுவர வருஷம், அதாவது 1937. ஆவணி மாசத்துல மண்டி ஆளுங்களுக்குச் செலவு எழுதியிருக்கார்: "ஆள் நாலு, கள்ளுக்கு 0-6-0", அதாவது ஆறணா. வாரத்துக்கு ரெண்டு தடவை அதே வரி வருது. ஐப்பசியில இருந்து அது இல்லை. அந்த இடத்துல "ஆள் நாலு, காப்பி 0-4-0"ன்னு இருக்கு. தை மாசம் வரைக்கும் புரட்டினேன், காப்பிதான்.

பிரமாதி வருஷக் குறிப்பேட்டுல ஐப்பசி மாசம், 1939. "சர்க்கார் விற்பனை வரி வகையில் 5-0-0". அதுக்குக் கீழ ஒரு கோடு அழுத்தி இழுத்திருக்கார், காகிதம் கிழியற மாதிரி. அடுத்த மாசமும் 5-0-0, ஆனா கோடு இல்லை.

ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து நாளைக்கு இங்க போடறேன். தங்கம் அக்கா, காப்பிப் பக்கத்தை உங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க.